மையவாடியில் தேன்பழ மரம்

கம்பம் ஊரில், முஸ்லிம்களை அடக்கம் செய்யும் மையவாடியின் சுவரோடு சுவராக நின்ற அந்த வீட்டுக்கு இரண்டு வருடமாக யாரும் குடிவரவில்லை. கொல்லைக் கதவைத் திறந்தால் கபுர் மேடுகள் தெரியும். மாடிக்குப் போனாலும் அதே கபுர்கள்தான். ரம்லத்துதான் அந்த வீடு வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். அவள் கணவர் முஜிபுர் ரஹ்மான் ஏலக்காய் வியாபாரி. கம்பமெட்டு ரோட்டில் கடைக்குப் பக்கத்திலேயே அவர்களுக்குக் காற்றோட்டமான வீடு இருந்தது. அதை விட்டுவிட்டு இங்கே போகலாம் என்று அவள் சொன்னபோது அவர் ஏன் என்று கேட்கவில்லை. அவருக்குத் தெரியும். அவர்களுடைய ஒரே மகள் சானியா, 1997 ஐப்பசியில் மூளைக்காய்ச்சல் வந்து மூன்றே நாளில் மவுத்தாகிவிட்டாள். எட்டு வயது. அவளை அடக்கியது அந்த மையவாடியில்தான்.

பெண்கள் மையவாடிக்குள் போவது அந்தத் தெருவில் வழக்கமில்லை. உடலை வைத்த சந்தூக்குப் பெட்டி வாசலைத் தாண்டியதும் ஆண்கள் சுமந்துகொண்டு போய்விடுவார்கள், பெண்கள் வீட்டுக்குள் நின்றுவிடுவார்கள். இரண்டு வருடம் ரம்லத் பொறுத்துப் பார்த்தாள். உள்ளே போகத்தான் முடியாது, தூரத்திலிருந்து பார்க்கவாவது வேண்டும் என்றுதான் இந்த வீட்டைக் கேட்டாள்.

2000 தை மாதம் குடிவந்தார்கள். சாமான்களை இறக்கி வைத்ததும் முதல் வேலையாக அவரை மாடிக்கு அழைத்துப் போனாள்.

"எங்கன இருக்கா?"

அதற்கு முந்தின மாதம்தான் பெருமழையில் வாய்க்கால் உடைந்து, மையவாடிக்குள் நான்கு நாள் தண்ணீர் நின்று வடிந்திருந்தது. மண்மேடுகளெல்லாம் கரைந்துவிட்டன. தலைமாட்டிலும் கால்மாட்டிலும் அடையாளத்துக்கு நடுகிற மீசான் கற்கள் சில சாய்ந்தும் சில சேற்றில் புதைந்தும் கிடந்தன. முஜிபுர் ரஹ்மான் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் கையை நீட்டி, இடுப்புயரத்துக்கு ஒரு செடி முளைத்திருந்த இடத்தைக் காட்டினார்.

"அந்தா, அந்தச் செடி நிக்குதுல்ல. அங்கன."

"என்ன செடிங்க அது?"

"தேன்பழம். குருவி எச்சம் போட்டு முளைச்சிருக்கும்."

அந்தச் செடி வளர்ந்த வேகம் அப்படி ஒரு வேகம். ஒரே வருடத்தில் சுவரைத் தொட்டது. இரண்டாம் வருடம் சுவரைத் தாண்டிக் குடை விரித்தது. கிளைகள் மேல் நோக்கிப் போகாமல் பக்கவாட்டில் தட்டுத் தட்டாக நீண்டன. இலைகள் தொட்டால் பிசுபிசுக்கும். வெள்ளைப் பூ வாடிய இடத்தில் சுண்டைக்காய் அளவில் காய் பிடித்து, சிவந்து பழமாகும். பழத்துக்குள் சர்க்கரைப் பாகும், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத ஆயிரம் விதையும்தான். அதற்குப் பருவம் என்று ஒன்று கிடையாது. சித்திரையிலும் பழம், மார்கழியிலும் பழம்.

பழத்தைத் தேடிப் பறவைகள் வந்தன. காக்காயையும் மைனாவையும் தவிர வேறு எதையும் அந்தத் தெரு கண்டதில்லை. இப்போது விடியும்போதே கொண்டைக்குருவிகள் ஜோடி ஜோடியாக வந்து இறங்கின. குயில் வந்து சத்தமில்லாமல் தின்றது. கட்டைவிரலைவிடச் சின்னதாய் ஒரு குருவி, பழத்தைக் கொத்தாமல் பிதுக்கிப் பிதுக்கிக் குடித்தது. ரம்லத் துணி காயப்போடும்போதும், வடகத்துக்குக் காவல் இருக்கும்போதும் அந்த மரத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். தன் மகளின் தலைமாட்டில் இத்தனை உயிர்கள் வந்து பசியாறிப் போகின்றன என்ற நினைப்பு அவளுக்குள் ஏதோ ஒன்றை இறக்கி வைத்தது. இந்த நினைப்பை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

வெள்ளிக்கிழமைதோறும் ஜும்மா தொழுகை முடிந்ததும் முஜிபுர் ரஹ்மான் மையவாடிக்குள் வருவார். அந்த மரத்தடியில் நின்று கையேந்தி ஓதுவார். மாடியில் ரம்லத் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, அவர் உதடு அசைந்து முடிகிற வரைக்கும் தானும் கையேந்தி நின்று, ஆமீன் சொல்லி முகத்தைத் தடவிக்கொள்வாள். இப்படி ஐந்தாறு வருடம் போயிற்று.

அதற்குள் மையவாடிக்குள் அந்த ஒரு மரம் முப்பது மரமாகியிருந்தது. வெளியிலும் பரவியிருந்தது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், பள்ளிக்கூடச் சுவரிடுக்கில், சாக்கடைக் கரையில், ஏலக்காய்க் குடோன் கூரையில்கூட ஒன்று முளைத்திருந்தது. யாரும் நடவில்லை, யாரும் தண்ணீர் ஊற்றவில்லை.

2005 புரட்டாசியில் ஒரு காலை ஹேமாவதி வந்து கதவைத் தட்டினாள். பழனிசெட்டிபட்டிப் பெண். விலங்கியலில் எம்.பில். படிக்கிறாள். ஊருக்குள் வாழும் பறவைகள் எந்தப் பழத்தைத் தின்கின்றன, அதன் விதைகளை எங்கே கொண்டுபோய்ப் போடுகின்றன என்பதுதான் அவள் ஆராய்ச்சி. மையவாடிக்குள் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேட்டுப் பள்ளிவாசலுக்குப் போயிருக்கிறாள். ஜமாஅத் செயலாளர் ராஜா முகம்மது, ரம்லத்துக்குப் பெரியத்தா மகன். அண்ணன் முறை. உள்ளே விட முடியாது, ஆனால் தங்கச்சி வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் எல்லாம் தெரியும் என்று அவர்தான் வழி சொல்லி அனுப்பியிருந்தார்.

வாரத்துக்கு மூன்று நாள் ஹேமாவதி முதல் பஸ்ஸில் வந்துவிடுவாள். பைனாகுலரும் நோட்டுமாக மாடியில் உட்கார்ந்தாள் என்றால் பத்து மணி வரை அசைய மாட்டாள். ரம்லத் டீ கொண்டுபோய்க் கொடுப்பாள். நாளடைவில் டீ கொண்டுபோனவளும் பக்கத்தில் உட்கார ஆரம்பித்தாள். தான் ஐந்து வருடமாகப் பார்த்த பறவைகளுக்கெல்லாம் பெயர் இருந்தது. பழத்தைப் பிதுக்கிக் குடிப்பது பூக்கொத்தி. தட்டான் சுத்தியல் தட்டுவதுபோல் டொக் டொக்கென்று கத்துவது குக்குறுவான். மார்கழியில் கும்பலாக வந்து இரண்டே நாளில் மரத்தை மொட்டையடித்துவிட்டுப் போனது சூறைக்குருவி. ஹேமாவதி வர முடியாத நாளில் ரம்லத்தே எண்ணிக் கோடு போட்டு வைத்தாள்.

மாடியில் குறுக்காகக் கயிறு கட்டி, அதன் கீழே பிளாஸ்டிக் தாள் விரித்திருந்தாள் ஹேமாவதி. கயிற்றில் உட்காரும் பறவைகளின் எச்சம் தாளில் விழும். அதை டீ வடிகட்டியில் போட்டுக் கழுவி, நிற்கிற விதையை மண் நிரப்பிய கப்புகளில் தூவி முளைக்க வைத்தாள். முளைத்ததில் பத்துக்கு ஒன்பது தேன்பழம்.

"வாய்க்கால் கரைல பெரிய இச்சிமரம் ஒண்ணு நிக்குதுல்லக்கா, அங்கனயும் போயி எண்ணுறேன். அது பழுத்துக் கொட்டுது. ஊர்க்குருவி ஒண்ணும் அந்தப் பக்கம் போறதில்ல. வருசம் பூரா இங்கனயே தின்னுட்டு இங்கனயே தங்கிருதுக."

"அதனால என்ன புள்ள?"

"இச்சி விதைய எடுத்துட்டுப் போயிப் போட ஆளில்லாமப் போச்சு. அது ஆல், அரசு மாதிரி நம்ம மரம். இது நம்ம நாட்டு மரமே இல்ல, தெரியுமா? அமெரிக்கக் கண்டத்து மரம். நிழலுக்கும் பழத்துக்குமுன்னு யாரோ கொண்டாந்து வச்சிருக்காக. மிச்ச வேலைய குருவியும் வவ்வாலும் பாத்துக்கிருச்சு."

ரம்லத் நடுவில் நின்ற மூத்த மரத்தைக் காட்டினாள்.

"அந்த மரத்துக்குக் கீழதான் எம் மக இருக்கா."

ஹேமாவதி பைனாகுலரைக் கீழே வைத்தாள். அன்று அதற்குமேல் அவள் நோட்டில் எதுவும் எழுதவில்லை.

அடுத்த வருடம் ஆடிக்காற்று வழக்கத்தைவிடப் பலமாக அடித்தது. தேன்பழ மரத்துக்கு ஆழமான வேர் கிடையாது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை மையவாடியில் இரண்டு மரங்கள் வேரோடு சாய்ந்தன. ஒன்று சுவரை இடித்துக்கொண்டு ரோட்டில் விழுந்தது. மற்றொன்று பெயர்ந்தபோது வேர்ப்பிடியில் ஒரு கபுரின் மண் முழுக்க எழும்பி, உள்ளே மூடிய பலகை வெளியே தெரிந்தது. அங்கே அடங்கியவரின் மகன்கள் செய்தி கேட்டு ஓடிவந்து தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். குழி வெட்டும் சேக் பரீத் வேட்டியை அவிழ்த்து அதன் மேல் போர்த்தி, வெறும் டவுசரோடு நின்று மண் அள்ளிப் போட்டார். சின்னப் பிள்ளைகள் பழம் பறிக்கச் சுவரேறிக் குதித்துக் கபுர்களை மிதிக்கிறார்கள் என்று முன்னமே புகார் இருந்தது. அன்று மாலையே ஜமாஅத் கூடியது. வெள்ளிக்கு முன்னால் முப்பது மரத்தையும் எடுத்துவிடுவது என்று முடிவாயிற்று.

ரம்லத் முதலில் கணவரிடம்தான் சொன்னாள்.

"ஒரே ஒரு மரம். அதை மட்டும் விட்டுறச் சொல்லுங்க."

"ஜமாஅத்து சொன்னபடி வெட்டட்டும் ரம்லத்து." அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு செருப்பைத் தேடினார்.

அவர் அப்படிச் சொல்வார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. ஆறு வருடமாக வெயிலென்றும் மழையென்றும் பாராமல் அந்த மரத்தடியில் நின்றவர் அவர்.

மறுநாள் ஹேமாவதி வந்ததும் அவளைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ படிச்ச புள்ள. இத்தனை குருவி இந்த மரத்த நம்பியிருக்கு, வெட்டக் கூடாதுன்னு ஒரு தாள்ல எழுதிக் குடு. அண்ணன் கேப்பாக."

ஹேமாவதி நோட்டின் ஓரத்தை மடித்து மடித்து விரித்தாள். அவளுடைய ஆராய்ச்சிக்கும் அந்த மரங்கள் வேண்டும். இன்னும் நான்கு மாதக் கணக்கெடுப்பு பாக்கியிருந்தது.

"என்னால அப்படி எழுத முடியாதுக்கா. நான் பாத்தது அதுக்கு நேர்மாறா இருக்கு. இது போனா குருவி சாகாது, வேற மரத்துக்குப் போயிரும். எங்கிட்டக் கேட்டா எடுக்கலாமுன்னுதான் நான் சொல்லணும்."

"எம் மகளுக்காகக் கேக்குறேன்."

"தெரியுதுக்கா. அதனாலதான் பொய்யா எழுதக் கையி வரல."

ரம்லத் கயிற்றை அவிழ்த்தாள். தாளைச் சுருட்டினாள். இரண்டையும் அவள் கையில் கொடுத்துவிட்டு, "இனிமே இங்கன வராத புள்ள" என்றாள். ஹேமாவதி படியிறங்கிப் போனாள்.

அன்றைக்கே முக்காடு போட்டுக்கொண்டு ராஜா முகம்மது வீட்டுக்குப் போனாள் ரம்லத். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு முழுவதையும் கேட்டார். அவர் கடுமையானவர் என்று பெயரெடுத்தவர். ஆனால் சானியாவின் சந்தூக்கைத் தோளில் தூக்கியவர்களில் அவரும் ஒருவர்.

"புள்ள கபுரு மேல நிக்குற மரமா? சரி. கிளைய மட்டும் கழிச்சிவிட்டுட்டு அத நிறுத்தச் சொல்றேன். மச்சான் நாளைக்குக் காலைல வந்து பரீத்துட்ட இடத்தக் காட்டிட்டுப் போகட்டும்."

மத்தியானம் சோறு போடும்போது அவள் குரலில் பல நாளாக இல்லாத தெம்பு இருந்தது.

"அண்ணன் ஒத்துக்கிட்டாக. நாளைக்குக் காலைல நீங்க போயி பரீத்து அண்ணன்ட்ட மரத்தக் காட்டினாப் போதும்."

முஜிபுர் ரஹ்மான் பிசைந்த சோற்றை வாயில் வைக்காமல் தட்டிலேயே விட்டார்.

"அது அவ கபுரு இல்ல ரம்லத்து."

அவள் குழம்புக் கரண்டியைப் பிடித்தபடியே நின்றாள்.

"அன்னைக்கு மாடில நின்னு பாக்குறப்ப எனக்கு ஒண்ணுமே அடையாளம் தெரியல. எல்லாம் ஒரே சேறாக் கெடந்துச்சு. நீ என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு நின்ன. தெரியலன்னு சொல்ல வாய் வரல. அந்தச் செடி ஒண்ணுதான் பச்சையா நின்னுச்சு. கையக் காட்டிட்டேன். பெறகு பரீத்துட்டக் கேக்கக் கூச்சமா இருந்துச்சு."

"வெள்ளிக்கிழமை போயி நிப்பீங்களே?"

"நீ மாடில நின்னு பாத்துக்கிட்டிருப்ப. நான் வேற எங்கன போயி நிப்பேன்?" அவர் குரல் உடைந்தது. "எங்க நின்னு ஓதினாலும் அவளுக்குப் போயிச் சேரும். அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. ஆனா ஒவ்வொரு வாரமும் உன்னைய ஏமாத்திட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன். இப்ப நாலு பேரு முன்னால பள்ளிவாசல் ஆளுக்கிட்டயும் போயி அதே பொய்யச் சொல்ல என்னால முடியல."

ரம்லத் அழவில்லை. கரண்டியைச் சட்டிக்குள் போட்டாள். அவர் தட்டை எடுத்துக் கழுவி வைத்தாள். ஆறு வருடம் என்று ஒரு தடவை சொன்னாள். அன்று மாடிக்குப் போகவில்லை.

காலையில் மெஷின் ரம்பத்தின் சத்தம் கேட்டதும் அவள் தெருவில் இறங்கி நடந்தாள். மையவாடிக் கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்த ராஜா முகம்மது அவளைப் பார்த்துத் திகைத்தார். உள்ளே மரம் வெட்ட வந்த ஆண்டிபட்டி ஆட்கள் ரம்பத்தை நிறுத்தினார்கள்.

"இங்கன எதுக்கும்மா வந்த?"

"அந்த மரத்தையும் வெட்டச் சொல்லுங்கண்ணே. அது எம் மக கபுரு இல்லயாம். அவ எங்க இருக்கான்னு பாத்துட்டுப் போயிர்றேன்."

அங்கே நின்ற ஆண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் தொண்டையைச் செருமினார். ராஜா முகம்மது அவர் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் கேட்டை விட்டு விலகி நின்றார்.

"பரீத்து, தங்கச்சியக் கூட்டிட்டுப் போயிக் காட்டு."

சேக் பரீத் முன்னால் நடந்தார். எந்த இடத்தில் காலை வைக்கலாம், எங்கே வைக்கக் கூடாது என்று கையால் காட்டிக்கொண்டே போனார். கிழக்கு மூலையில், வெட்டிச் சாய்த்த கிளைகளை விலக்கிவிட்டு நின்றார். மரங்கள் அடர்ந்த பிறகு மாடியிலிருந்து அந்த மூலை அவள் கண்ணில் பட்டதே இல்லை.

"புள்ளைகள இந்த வரிசைலதான் வைப்பேன் ஆத்தா. அந்த வருசம் காய்ச்சல்ல ஏழு புள்ளைக. இந்தா, இதுலருந்து அந்தக் கல்லு வரைக்கும்."

ஏழு கபுர்களும் குட்டையானவை. வெள்ளம் வடிந்து போனபின் மண் கூட்டி ஒரே சீராக்கியிருந்தார்கள். உதிர்ந்து நசுங்கிய தேன்பழங்கள் மேலே சிவப்பாகக் கிடந்தன. எறும்பு மொய்த்துக்கொண்டிருந்தது.

"இதுல எது அண்ணே?"

பரீத் தலையைக் குனிந்துகொண்டார். "அது எனக்கும் தெரியாது ஆத்தா. நாந்தான் வச்சேன். தண்ணி வந்து கல்லையெல்லாம் பெரட்டிப் போட்டிருச்சு. இந்த ஏழுல ஒண்ணு. அவ்வளவுதான் நான் சத்தியமாச் சொல்ல முடியும்."

ரம்லத் உட்கார்ந்தாள். முதல் கபுரின் மேலிருந்த பழங்களைக் கையால் கூட்டி அப்புறப்படுத்தினாள். ஃபாத்திஹா ஓதினாள். நகர்ந்து இரண்டாவதன் பக்கத்தில் உட்கார்ந்து அங்கேயும் அப்படியே செய்தாள். அவள் நான்காவதில் இருந்தபோது பின்னால் நடுமரம் சாய்ந்தது. மைனாக்கள் மொத்தமாகக் கிளம்பிக் கத்தின. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அறுத்த மரத்தின் பச்சை வாசனையும் நசுங்கிய பழத்தின் பாகு வாசனையும் சேர்ந்து மூச்சை அடைத்தன. ஏழாவது கபுரில் ஓதி முடித்தபோதுதான் அவளுக்கு அழுகை வந்தது. பரீத் தூரமாகப் போய் முதுகைக் காட்டி நின்றுகொண்டார். ராஜா முகம்மது வேலையாட்களை டீ குடிக்க அனுப்பிவிட்டார்.

மூன்று நாள் வரைக்கும் பறவைகள் வந்தன. கொண்டைக்குருவிகள் சுவரில் உட்கார்ந்து வெறும் வானத்தைப் பார்த்தன. நான்காம் நாள் ஒன்றும் வரவில்லை. ரம்லத் ராஜா முகம்மது மூலமாகச் சொல்லியனுப்ப, ஹேமாவதி தயங்கித் தயங்கி வந்தாள்.

"எங்க போச்சு எல்லாம்?"

"பஸ் ஸ்டாண்டு மரத்துக்குத்தான்க்கா பாதி. அங்கன இன்னும் நிறைய நிக்குது." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள், "நேத்து இச்சிமரத்துல ரெண்டு குக்குறுவான் பாத்தேன். அதுக முன்னமே போயிக்கிட்டிருந்ததா, இப்பத்தான் போகுதான்னு எனக்குத் தெரியாது. இன்னும் எண்ணிப் பாக்கணும்."

"தெரியலங்கிறதத் தெரியலன்னு சொல்ற பாரு," என்றாள் ரம்லத். "டீ போடுறேன், இரு."

கணவரோடு பேச்சு அவ்வளவு சீக்கிரம் திரும்பவில்லை. சோறு போட்டாள், துணி துவைத்துக் கொடுத்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். முதல் வெள்ளிக்கிழமை அவர் மையவாடிக்குக் கிளம்பும் நேரத்தில் மட்டும், "கிழக்கு மூலை. ஏழு பேருக்கும் சேத்து ஓதுங்க" என்றாள். அவள் மாடிக்குப் போகவில்லை. யாரும் பார்க்கிறார்கள் என்ற நினைப்பில்லாமல் அந்த மனிதர் ஒருநாளாவது தன் மகளுக்கு முன்னால் நிற்கட்டும் என்று அடுப்படியிலேயே இருந்துவிட்டாள். அவர் திரும்பி வர வெகுநேரமாயிற்று. கண்கள் சிவந்திருந்தன. அவள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் குடித்து முடிக்கும் வரை பக்கத்திலேயே நின்றாள்.

மற்ற ஆறு பிள்ளைகளின் வீடுகளை ரம்லத் விசாரித்தபோது, மூன்றைத்தான் பரீத்தால் நினைவுபடுத்திச் சொல்ல முடிந்தது. ஒரு குடும்பம் கேரளாவுக்குப் போய்விட்டது. ஒரு வீட்டில் யாரும் பேச விரும்பவில்லை. மூன்றாவது வடக்குத் தெருவில் ரெஹானா. தையல் மெஷினில் பள்ளிக்கூட யூனிபாரம் தைத்துக்கொண்டிருந்தாள். முப்பது வயதிருக்கும். யாரென்றும் எதற்கு வந்தாளென்றும் ரம்லத் சொன்னதும், மெஷின் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினாள். அவளுடையது ஆண் குழந்தை. இரண்டு வயதுகூட நிறையவில்லை.

"எங்கன இருக்கான்?" என்று கேட்டாள்.

"கிழக்கு மூலைல ஏழு கபுரு வரிசையா இருக்கு. அதுல ஒண்ணு உம் மகன், ஒண்ணு எம் மக. எது எதுன்னு யாருக்கும் தெரியாது."

ரெஹானா தைத்த துணியை மடித்து வைத்தாள்.

"பக்கத்துப் பக்கத்துலயா?"

"ஒரு முழந்தான் இடைவெளி."

"ராத்திரில தனியாப் படுக்க மாட்டான்," என்றாள் ரெஹானா. "அதத்தான் அன்னைக்கு எல்லார்ட்டயும் சொல்லிச் சொல்லி அழுதேன். உங்க மக பேரு என்ன?"

"சானியா."

"பெரிய புள்ளையா?"

"எட்டு வயசு. சின்னப் புள்ளைகன்னா இடுப்பவிட்டு எறக்க மாட்டா."

ரெஹானா எழுந்து வந்து அவளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். வெளியே பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் போய்க்கொண்டிருந்தார்கள். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார்கள்.